படி தாண்டி யோசித்தவர்கள்

தமிழில் ஒரு பெண்ணைப் புகழ்வதற்கு இருக்கும் பழைய சொற்களில் ஒன்று 'படி தாண்டாப் பத்தினி'. இகழ்வதற்கு இருப்பவற்றில் ஒன்று 'ஊர்சுற்றி'. ஆண் ஊர் சுற்றினால் நாலு இடம் பார்த்தவன், உலகம் தெரிந்தவன். பெண் சுற்றினால் வீடு தங்காதவள், காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். ஒரு சமூகம் தன் பெண்களின் கால்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒழுக்கம், பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்லப்படும். இன்னொரு காரணமும் உண்டு. நடக்கிற பெண் யோசிப்பாள். யோசிக்கிற பெண் கேள்வி கேட்பாள். காலுக்கும் தலைக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பழமொழி செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

எழுத்து நின்றுபோனால் மேசையை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வா என்பது எழுதுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. தத்துவ அறிஞர் காண்ட் தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போனதும், காந்தி சிறையிலும் ஆசிரமத்திலும் காலை நடையை விடாமல் கடைப்பிடித்ததும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்படும். ஆய்வும் உண்டு. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புதிய யோசனைகள் கூடுதலாக வருகின்றன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி இயந்திரத்தின் மேல் நடந்தாலும் அந்தப் பலன் கிடைக்கிறது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் நீடிக்கிறது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கணக்குகளில் நடை அப்படி உதவவில்லை. பல வழிகளைத் திறக்கக் கால் வேண்டும், ஒரு வழியைத் தேர்ந்து முடிக்க உட்கார இடம் வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மேசையை விட்டு எழு என்ற அறிவுரைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே ஒரு மேசை இருக்கிறது என்பதே அது. எழுந்து வெளியே போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பது அடுத்த அனுமானம். பெண்களின் வரலாற்றில் இரண்டுமே உண்மையாக இருந்ததில்லை. மேசை கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நம் பெண்கள் மேசைக்கு வெளியேதான் யோசித்து வந்திருக்கிறார்கள். அதற்குச் சிந்தனை என்ற பெயரை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது அந்தப் பெயரில்லாத வரலாற்றின் ஒரு பகுதியை. அதற்குப் பொருத்தமான இடம் காந்திகிராமம்.

சிறுமலையின் வழி

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் சின்னாளபட்டியைத் தொட்டுக்கொண்டு, சிறுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். இந்த மலை தமிழ் இலக்கியத்துக்குப் புதியதல்ல. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குப் போக மூன்று வழிகள் சொல்கிறான். அவற்றில் வலப்பக்க வழியில் வருவது பாண்டியனின் சிறுமலை. அந்த மலையை வலமாக வைத்துக்கொண்டு போனால் மதுரை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் அந்த வழியில் போகவில்லை. ஆனால் அவர்களுடைய நடையைப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். புகாரில் கண்ணகி மிகக் குறைவாகவே பேசுகிறாள். வீட்டை விட்டு வெளியேறி, கால் நோகக் கொஞ்ச தூரம் நடந்ததும், மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். காவியத்தில் அவள் உலகத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி அது. வழியில் வேட்டுவர் குடியிருப்பில் சாலினி என்ற பெண் தெய்வமேறி அவளைப் புகழும்போது, கூசிப்போய்க் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள். அதே பெண் மதுரைத் தெருக்களில் ஒற்றைச் சிலம்போடு தனியாக நடந்து அரசவையில் ஏறி அரசனிடம் வழக்குரைக்கிறாள். பிறகு மதுரையை விட்டு நீங்கி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் மலையில் போய் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னாலிருந்து அரசவை வரை அவள் வந்து சேர்ந்த தூரத்தை இளங்கோ காதத்தில் மட்டும் அளக்கவில்லை. அநீதி அவளைப் பேசவைத்தது உண்மை. அந்த அநீதியைச் சுமந்து நடப்பதற்கு ஏற்கெனவே அவள் கால்கள் பழகியிருந்தன என்பதும் உண்மை.

அதற்கும் முன்னால் சங்கப் பாடல்களில் பெண்கள் சாலையில் இருக்கிறார்கள். பாணரோடு விறலியரும் ஊர் ஊராக நடந்தார்கள். வழியில் போகும் விறலிக்கு வள்ளல் இருக்கும் திசையைக் காட்டும் பாடல்களுக்கு விறலியாற்றுப்படை என்று தனித் துறையே இருக்கிறது. பெண்ணுக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்த மொழி இது. ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனார் என்பது புறநானூறு தரும் செய்தி. வெள்ளிவீதியார் என்ற கவிஞர் பிரிந்துபோன காதலனைத் தேடி அலைந்த செய்தியை அகநானூற்றின் 147ஆம் பாட்டில் ஔவையார் குறிப்பிடுகிறார். ஒரு பெண் கவிஞர் இன்னொரு பெண் கவிஞரின் அலைச்சலைத் தன் பாட்டுக்குள் எடுத்து வைத்திருக்கிறார். பாட்டில் அது பழியாக வரவில்லை, முன்மாதிரியாக வருகிறது. 'படி தாண்டாப் பத்தினி' இந்த மொழியின் ஒரே குரல் அல்ல என்பதற்கு இது போதும்.

புல்வெளியில் தொலைந்த எண்ணம்

வெளியே நடந்தால் எண்ணம் வரும். ஆனால் வந்த எண்ணம் யாருடைய பெயரில் போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி. 1802 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் டோரதி வேர்ட்ஸ்வொர்த் தன் அண்ணன் வில்லியமோடு நடந்து வந்தபோது, ஏரிக்கரையில் பூத்துக் கிடந்த மஞ்சள் மலர்களைப் பார்த்தார். வீடு திரும்பித் தன் நாட்குறிப்பில் அதை விரிவாக எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து வில்லியம் அந்தக் காட்சியைக் கவிதையாக்கினார். இன்றும் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அந்தக் கவிதையில் நடந்தவர் ஒருவர்தான், அதுவும் தனியாக. டோரதியின் நாட்குறிப்பு அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அச்சானது.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலைப் பெண்ணெழுத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பெண் எழுத வேண்டுமானால் தனி அறையும் வருமானமும் வேண்டும் என்ற வாதத்துக்காக. அந்த நூல் அறையில் தொடங்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. அது ஆற்றங்கரையில் தொடங்குகிறது. கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தூண்டிலில் மாட்டிய சிறுமீன் போல ஓர் எண்ணம் வருகிறது. அந்த உற்சாகத்தில் எழுந்து பல்கலைக்கழகப் புல்வெளியின் குறுக்கே நடக்கிறாள். காவலர் ஓடிவந்து தடுக்கிறார். புல்வெளி ஆண் அறிஞர்களுக்கு, பெண்ணுக்குச் சரளைப் பாதைதான். பாதைக்குத் திரும்பியபோது மீன் போய்விட்டது. இந்த நூலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் நிறுத்துவேன். அறை இல்லாததைப் பற்றிப் பேசும் அந்த நூலின் முதல் இழப்பு நடக்க விடாததால் வந்தது. பெண்ணுக்கு அறையும் வேண்டும், அறையிலிருந்து வெளியே போகும் வழியும் வேண்டும்.

சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகள்

சௌந்தரம் 1904இல் பிறந்தார். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறுமியாக இருந்தபோதே திருமணம் நடந்தது. கணவர் மருத்துவர், 1925இல் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பத்தில் இளம் விதவைக்கு ஒதுக்கப்பட்ட இடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் உள்கட்டு, அதிலும் ஒரு மூலை. சௌந்தரம் அங்கிருந்து தில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் மருத்துவரானார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ராமச்சந்திரன் வேறு சாதியைச் சேர்ந்தவர், மலையாளி, காந்தியின் சீடர். இரண்டு படிகளை அவர் தாண்டிவிட்டார்.

பணக்கார வீட்டுப் பெண் என்பதால் இது சாத்தியமாயிற்று என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் பணக்கார வீட்டு விதவைகள் எத்தனையோ பேர் உள்கட்டிலேயே முடிந்துபோயிருக்கிறார்கள். மருத்துவராக மதுரையில் வசதியாகத் தொழில் செய்திருக்கவும் அவருக்கு வழி இருந்தது. அவருடைய சிந்தனை திசை மாறியதற்கு ஊர்களைப் பார்த்ததுதான் காரணம். 1944இல் கஸ்தூரிபா இறந்த பிறகு அவர் நினைவாகத் திரட்டப்பட்ட நிதி, கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்று முடிவானது. அந்த அறக்கட்டளையின் பொறுப்பு தமிழகத்தில் சௌந்தரத்திடம் வந்தது. கிராமத்துக்குப் போகாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. மருத்துவமனை மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் நோயாளி ஒரு நோயோடு வருவாள். அவள் வீட்டுக்கு நடந்து போனால்தான் நோய் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். கிணறு எவ்வளவு தூரம், அடுப்பு எங்கே இருக்கிறது, பேறுகாலத்தில் அவளைப் படுக்கவைக்கும் இடம் எது, அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா, அவள் சாதி எந்தத் தெரு வழியாகப் போகலாம்.

1947இல் காந்திகிராமம் தொடங்கியபோது அது ஒரு வரைபடத்திலிருந்து எழுந்த நிறுவனமாக இல்லை. சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகளோடு ஒரு தாய்சேய் நல நிலையம் வந்தது. அதுவே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அதோடு ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், பெண்களுக்குக் கிராம சேவைப் பயிற்சி, ஆதாரக் கல்விப் பள்ளி, கதர், கைத்தொழில். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இந்தப் பட்டியலின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிரசவ அறை, பிறகு பள்ளி, கடைசியில் பல்கலைக்கழகம். மேசையிலிருந்து திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

சௌந்தரம் 1952இலும் 1957இலும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய் மத்திய அரசில் கல்வித் துறையின் துணை அமைச்சரானார். அதே ஆண்டில் பத்மபூஷண் பெற்றார். 1984இல் மறைந்தார். அவரைப் பற்றிய குறிப்புகளில் இந்தப் பதவிகள்தாம் முன்னால் நிற்கின்றன. அவரோடு ஊர் ஊராக நடந்து, தாய்மார்களிடம் பேசி, வீட்டுக் கணக்கும் நோய்க் கணக்கும் எழுதிவந்த கிராம சேவிகைகளின் பெயர்கள் எங்கும் இல்லை. அந்தப் பெண்களில் பலருக்கு ஊரைச் சுற்றி வருவதற்குச் சம்பளம் கிடைத்தது அதுவே முதல்முறை. 'ஊர்சுற்றி' என்ற சொல்லுக்கு அவர்கள் காலால் எழுதிய மறுப்பை யாராவது தொகுக்க வேண்டும்.

கேட்டு நடந்த கால்கள்

அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறொரு தொடக்கத்திலிருந்து வந்தவர் கிருஷ்ணம்மாள். 1926இல் பட்டிவீரன்பட்டிக்கு அருகே அய்யன்கோட்டையில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தார். தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். படிப்பைத் தொடரச் சௌந்தரத்தின் ஆதரவு கிடைத்தது. 1950இல் சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். சௌந்தரத்துக்கு நடை என்பது வீட்டின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை. கிருஷ்ணம்மாளின் தாய்க்கு நடை என்பது கூலி. விடியும் முன் வயலுக்கு, பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு. காந்திகிராமத்தின் வரலாற்றில் இந்த இரண்டு நடைகளும் சந்தித்துக்கொள்கின்றன. இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது.

1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய வினோபாவின் பூதான நடைப்பயணம் 1956இல் தமிழகத்துக்கு வந்தது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதில் இறங்கினார்கள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர். நிலம் வைத்திருப்பவரிடம் நிலமில்லாதவருக்காகக் கேட்பது. நடைப்பயணம் என்ற அரசியல் வடிவம் பெண்களுக்கு எப்போதும் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1930இல் தண்டிக்குப் புறப்பட்ட காந்தி தன்னோடு ஆண்களை மட்டுமே அழைத்துப்போனார். பெண்கள் அதை எதிர்த்துப் பேசினார்கள். அதே ஆண்டு வேதாரண்யத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைபுகுந்த முதல் பெண்ணானார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்தபோது அதில் ஐம்பத்தைந்து வயது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். தேவதாசி முறையைத் தோலுரித்து 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதியவர் அவர். அவருக்கு எழுதுவதும் நடப்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு வேலைகள். 1967இல் வினோபாவின் ஆசிரமப் பெண்கள் நால்வர் தொடங்கிய நடைப்பயணம் 12 ஆண்டுகள் நாடெங்கும் தொடர்ந்தது. பெண்களை எந்த நடையிலும் யாரும் எளிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தாங்களாகச் சேர்ந்தார்கள்.

பூதானத்தின் பலவீனம் நடந்தவர்களுக்கே முதலில் தெரிந்தது. தானமாகக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி பயிருக்கு உதவாதது. காகிதத்தில் கொடுக்கப்பட்ட நிலம் பல இடங்களில் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து கூட்டினால் இத்தனை லட்சம் ஏக்கர் என்று பெரிய எண் வரும். வரப்பில் நின்று பார்த்தால்தான் அது பாறையா மண்ணா என்று தெரியும்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத் தஞ்சைக்குப் போனார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை, அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். அந்த ஆண்டுகளின் நடையும் போராட்டமும் சிறையும் சேர்ந்து கிருஷ்ணம்மாளை ஒரு தெளிவுக்குக் கொண்டுவந்தன. 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பில் அந்தத் தெளிவு வடிவம் பெற்றது. தானத்துக்காகக் காத்திருப்பதற்குப் பதில், நிலவுடைமையாளரோடு பேசி நியாயமான விலை முடித்து, வங்கிக் கடனும் உதவியும் திரட்டி நிலத்தை வாங்குவது. வாங்கிய நிலத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்வது.

இந்தக் கடைசி முடிவைத்தான் நான் சிந்தனை என்று சொல்கிறேன். நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ அறிக்கைகளில் 'குடும்பம்' என்ற சொல் வரும். குடும்பம் என்றால் குடும்பத் தலைவர், தலைவர் என்றால் ஆண். நிலம் ஆணின் பெயரில் இருந்தால் ஓர் அவசரத்துக்கு அடகு போகும், ஒரு குடிக் கடனுக்குக் கைமாறும். பெண்ணின் பெயரில் இருந்தால் அடுப்புக்குப் போய்ச் சேரும். இதைக் கண்டுபிடிக்கச் சேரிக் குடிசைகளின் வாசலில் உட்கார்ந்து பெண்களோடு பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசியவருக்கு வந்த எண்ணம் ஆயிரக்கணக்கான பட்டாக்களாக மாறியது. 1990களில் நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகள் விளைநிலத்தை உப்பாக்கியபோது இருவரும் எதிர்த்து நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷணும் கிடைத்தன.

கிருஷ்ணம்மாளைச் சமூக சேவகி என்றும் போராளி என்றும் சொல்வார்கள். சிந்தனையாளர் என்று எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. புத்தகம் எழுதியவரைச் சிந்தனையாளர் என்கிறோம். நிலப் பதிவின் தர்க்கத்தையே மாற்றியவரைத் தொண்டர் என்கிறோம். மேசையில் நடந்ததை மட்டும் சிந்தனை என்று எண்ணும் பழக்கத்தின் விளைவு இது.

சுமையோடு நடப்பது

இவ்வளவு சொல்லிவிட்டு நடையைப் புனிதமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. சிறுமலை அடிவாரத்தில் தலையில் விறகுக் கட்டோடு இறங்கிவரும் பெண்ணிடம் நடந்தால் புது யோசனை வரும் என்று சொல்ல நமக்கு வாய் வராது. நிலக்கோட்டைப் பக்கம் சூரியன் ஏறுமுன் மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து மொட்டுப் பறிப்பவளுக்கும், சின்னாளபட்டி நெசவுத் தெருவில் நீட்டிய பாவைச் சரிசெய்துகொண்டு போய்வருபவளுக்கும் ஓய்வான நடை என்பது இன்னொருவரின் ஆடம்பரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் கூலியில்லாமல் வேலை செய்கிறாள். ஆணுக்கு 97 நிமிடம். இடையில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கும் அதிகமான பொழுதுதான் ஆண்களின் மாலை நடையும் டீக்கடை விவாதமும் நூலகமும்.

ஆனால் அந்த வேலைகளுக்கு நடுவிலும் பெண்கள் யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் சான்று இருக்கிறது. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் மேசையில் எழுதப்பட்டவை அல்ல. கையும் காலும் வேலையில் இருக்கும்போது வாய் கட்டியவை. ஒப்பாரியில் ஒரு பெண் பிறந்த வீட்டின் சொத்துக் கணக்கையும் புகுந்த வீட்டின் அநியாயத்தையும் ஊர் கேட்க அடுக்குவாள். வேறெந்த அவையிலும் அவளுக்குப் பேச இடம் கிடையாது. அதைத் தொகுத்தவர்கள் நாட்டார் இலக்கியம் என்று பெயரிட்டு, பாடியவளின் பெயரை விட்டுவிட்டார்கள். நம் காலத்தில், துவரங்குறிச்சியில் பூப்பெய்தியபின் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட சல்மா, குளியலறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதியதைத் தானே சொல்லியிருக்கிறார். மேசையை விட்டு எழ அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு மேசையே தடை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் 'அ'வும் 'ஆ'வும் கற்ற அதே மாதங்களில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அதில் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். ஊர் கேலி செய்தது, அவர்கள் பாட்டுக் கட்டி ஓட்டினார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் போய்வரும் நேரம் குறைந்தது. யாரையும் கேட்காமல் ஓரிடத்துக்குப் போகலாம் என்பது தெரிந்தது. எழுத்தையும் சக்கரத்தையும் ஒன்றாகக் கொடுத்த அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த அறிவு எளிமையானது. படிக்கத் தெரிந்தும் போக முடியாத பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கும்.

ஆறு மணிக் கதவு

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் தங்கிப் படித்த ஒரு விடுதியில் மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டுவார்கள். எதிரே இருந்த ஆண்கள் விடுதிக்குக் கதவே கிடையாது. எங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அவர்களுக்கு நூலகம் கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வின்போது எனக்கு நல்ல யோசனைகள் வந்தது பெரும்பாலும் பேருந்தின் ஜன்னலோரத்தில்தான். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் மகளாகவோ மனைவியாகவோ இருக்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்ட ஒரு பயணி, அவ்வளவே. வகுப்பில் மாணவிகளிடம் எங்கே யோசிக்கிறீர்கள் என்று கேட்டால் இன்றும் அதே போன்ற பதில்கள்தான் வருகின்றன. பேருந்து, துணி காயப்போடும் மொட்டை மாடி, ஆடு மேய்க்கும் கரடு, கிணற்றடி. படிப்பு மேசை என்று சொல்பவர்கள் குறைவு. பலர் வீட்டில் அது தம்பியுடையது.

மும்பையின் தெருக்களை ஆராய்ந்து ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் 'வொய் லாய்ட்டர்?' என்ற நூலை எழுதினார்கள். பெண் பொது இடத்தில் இருக்க எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் சும்மா நிற்கும் உரிமைதான் குடியுரிமை என்பது அவர்கள் வாதம். 2015இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று சொல்லி விடுதிப் பூட்டுகளுக்கு எதிராக இறங்கினார்கள். தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மிச்சமாகும் பணத்தைப் பற்றி நிறைய பேசுகிறோம். கணவனிடம் காசு கேட்காமல், அதனால் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பெண் பேருந்தில் ஏறுவதைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பயணத்தில் அவளுக்கு என்ன எண்ணம் வருகிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

நடை மட்டும் போதாது என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. நடந்து கண்டதைச் சௌந்தரம் நிறுவனமாக்கினார். கிருஷ்ணம்மாள் பத்திரமாக்கினார். எழுதி வைக்கப்படாத எண்ணம், டோரதியின் மலர்களைப் போல, இன்னொருவர் பெயரில் போய்விடும். ஆகவே இரண்டையும் கேட்போம். வீட்டில் ஒரு மேசை, நம் பெயரில், யாரும் துணி மடித்து வைக்காத மேசை. அந்த மேசையிலிருந்து எழுந்து வெளியே போக, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காத ஒரு தெரு. கேட்டால், யோசிக்கப் போகிறேன் என்று பதில் சொல்லப் பழகிக்கொள்வோம். வேலைக்காகவும் சுமைக்காகவும் இத்தனை நூற்றாண்டு நடந்த கால்களுக்கு அந்த ஒரு பதில் சொந்தமாக வேண்டும்.